நடுவரைப் பார், ஆட்டைப் பார்க்காதே

சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு நம்மையே பார்க்கிறார்கள் என்றால், நாம் நன்றாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தமில்லை. இந்த உண்மையைச் சிலர் கல்யாண மேடையில் பாட்டுப் பாடித் தெரிந்துகொள்கிறார்கள். சிலர் அலுவலக ஆண்டு விழாவில் ஆடித் தெரிந்துகொள்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பாலைவனத்துக்கு நடுவே நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில், கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

பழியைத் தூக்கி ரோபோட்டிக்ஸ் கிளப்பின் மேல் போடலாம். எங்கள் பள்ளிக்கூடம் அமெரிக்கப் பாடத்திட்டம். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்தே ஆக வேண்டும். பெயர் கொடுக்கிற அன்றைக்கென்று அம்மா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டாள். மறுநாள் ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு போய் நின்றால் ரோபோட்டிக்ஸ், நாடகம், கூடைப்பந்து எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது மிஸ்டர் வெஸ்லியின் கால்நடை கிளப். கால்நடை என்றால் எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டன் குழம்புதான். (குழம்பில் அது நடப்பதில்லை.)

மிஸ்டர் வெஸ்லி எங்கள் உயிரியல் ஆசிரியர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். வெயில் பட்டால் தக்காளி நிறத்துக்கு வருகிற கன்னம். சொந்த ஊர் அமெரிக்காவில் அயோவா. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கால்நடை வளர்த்து, திருவிழாத் திடலில் நடுவர் முன்னால் நடத்திக் காட்டிப் பரிசு வாங்குவார்களாம். பிராணி எவ்வளவு அழகு என்பதற்கு அல்ல, பிள்ளை அதை எவ்வளவு லாகவமாக நடத்துகிறது என்பதற்கு மார்க். அந்தப் பரிசு ரிப்பன்கள் இன்னமும் தன் அம்மா வீட்டுச் சுவரில் தொங்குவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கொஞ்சம் கலங்கியது. ஏசியிலிருந்து வந்த தூசியாகவும் இருக்கலாம்.

முதல் வகுப்பில் அவர் ஆய்வகக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நினைவில் நிற்பதைத் தமிழில் சொல்கிறேன்.

“ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்நாளில் நான் நடத்திக் காட்டியது பன்றிகளை மட்டும்தான். இந்த ஊரில் அதற்கு வழியில்லை. இங்கே ஆடு. ஆனால் கவலைப்படாதீர்கள். நாலு கால், ஒரு வால், நடுவில் பிடிவாதம். எல்லாம் ஒன்றுதான்.”

ஒன்றில்லை என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் அனுபவம் போதவில்லை. கிளப்பில் மொத்தமே மூன்று பேர். மற்ற இருவரும் அமைதியாகத் தூங்க இடம் தேடி வந்தவர்கள். ஆகவே அயோவாவின் பன்றிக் கலை முழுவதும் என் ஒருத்தி தலையில் இறங்கியது.

பாடம் இதுதான். பன்றிக்குக் கயிறு கிடையாது. அதைக் கட்டி இழுக்க முடியாது, ஓட்டத்தான் முடியும். கையில் ஒரு மெல்லிய குச்சி. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கன்னத்தில் லேசாகத் தட்ட வேண்டும், வலது பக்கம் என்றால் இடது கன்னத்தில். முழங்காலை மடித்து, முதுகை வளைத்து, பிராணியின் உயரத்துக்கு இறங்கி நடக்க வேண்டும். எப்போதும் நமக்கும் நடுவருக்கும் நடுவில் பிராணி இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கண் நடுவரை விட்டு அகலவே கூடாது. நடுவர் வேறு பக்கம் பார்த்தால், அவர் பார்க்கிற இடத்துக்கு நாம் போய்விட வேண்டும். போகும்போது சிரிக்க வேண்டும்.

“பிராணியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவனுக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்,” என்பார் மிஸ்டர் வெஸ்லி. “நடுவரைப் பார், ஆட்டைப் பார்க்காதே.”

ஆண்டுதோறும் நடக்கிற அந்தக் கண்காட்சியில் பிள்ளைகளுக்கான ஆடு நடத்தும் போட்டி ஒன்று இருப்பதை எங்கிருந்தோ கண்டுபிடித்து என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஆட்டை மட்டும் நாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். (“மட்டும்” என்ற சொல்லைச் சிலர் எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துகிறார்கள்.)

நாங்கள் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பா முருகேசன், கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் கணக்காளர். அதன் சொந்தக்காரர் உள்ளூர் அரபிக்காரர். முகத்துக்கு நேரேயும் முதுகுக்குப் பின்னாலும் எல்லோரும் அவரை அர்பாப் என்றுதான் சொல்வார்கள். முதலாளி என்று பொருள். எங்கள் விசா, வாடகை, என் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு மனிதரின் மனநிலையைப் பொறுத்தது என்று அப்பா நம்பினார். அவர் போன் செய்தால் அப்பா எழுந்து நின்றுதான் பேசுவார். ஒருமுறை குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு வந்து அட்டென்ஷனில் நின்று பேசியதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பா ஆபீசில் டீ குடிக்கும்போது, “பொண்ணுக்கு ஒரு ஆடு வேணும்னு ஸ்கூல்ல கேக்காங்க, எங்க போவேன்” என்று பக்கத்து மேஜைக்காரரிடம் புலம்பியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் அர்பாப் நின்றிருக்கிறார். தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாதவர் எப்படியோ ஆடு என்பதை மட்டும் மோப்பம் பிடித்துவிட்டார்.

“முருகேசன், க்யா பக்ரி?” என்ன ஆடு என்று இந்தியில் கேட்டார்.

அர்பாபுக்கு உலகத்தில் இரண்டு பற்றுதல்கள். ஒன்று சிமென்ட். இன்னொன்று ஷாமி என்ற ஜாதி ஆடுகள். அவருடைய மூன்று மகள்களும் அந்த ஆடுகளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்ற குறை அவருக்கு நெடுநாளாக இருந்தது. ஒரு இந்தியப் பெண்பிள்ளை ஆடு நடத்தப் போகிறாள் என்று கேட்டதும் மனிதர் உருகிவிட்டார். “உன் மகள் என் மகள். நூராவைக் கொண்டு போகட்டும். கலாஸ்,” என்று முடித்துவிட்டார்.

நூரா அவருடைய செல்ல ஆடு. எங்கள் காரைவிட விலை அதிகம் என்று அப்பா வீட்டுக்கு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானங்க,” என்றாள் அம்மா.

“அர்பாப்ட்ட போயி வேண்டாம்னா? நீ வந்து சொல்லு.”

அம்மா பேச்சை மாற்றி, போட்டி அன்றைக்கு என்ன புடவை கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

பயிற்சிக்கு ஆடு இல்லை. அர்பாபின் தோட்டம் வெகு தூரம். ஆகவே அப்பா ஆடானார். ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, லுங்கியும் பனியனுமாக நாலு காலில் நிற்பார். திரைச்சீலைக் கம்பித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழங்காலை மடித்து, முதுகை வளைத்து அவர் கன்னத்தில் தட்டித் தட்டி ஓட்டுவேன். அம்மா சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே நடுவராக இருப்பாள்.

“ஏட்டி, ஆட்ட மூஞ்சியில அடிக்கச் சொல்லியா தாராரு ஒங்க சாரு?”

“தட்டணும்மா. அடிக்கக் கூடாது.”

“அவரு ஊருல பரிசெல்லாம் வாங்கினவரு. தெரியாமலா சொல்லுவாரு,” என்றது ஆடு, கீழேயிருந்து.

“நீங்க மொதல்ல தலையத் தூக்கி நடங்க. கணக்கு எழுதுத மாதிரியே குனிஞ்சி போறீங்க.”

அப்பா தலையைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக ஒரு சுற்று வந்தபோது வாசல் மணி அடித்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. நான்காம் மாடி மலையாளி ஆன்ட்டி, வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பித் தருவதற்காகக் கதவைத் தள்ளிவிட்டார். அவர் கண்ட காட்சி: நாலு காலில் நிற்கும் குடும்பத் தலைவர், அவர் கன்னத்தில் கம்பியால் தட்டும் மகள், அதை மேற்பார்வை பார்த்தபடி பட்டாணி உரிக்கும் மனைவி. பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு லிப்டில் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அப்பாவை மட்டும் பரிதாபமாகப் பார்த்து, “சுகம்தானே?” என்று கேட்பார்.

அப்பா மிக நல்ல ஆடு. வலது கன்னத்தில் தட்டினால் இடது பக்கம் திரும்புவார். நில் என்றால் நிற்பார். நடுவில் போன் வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். ஒரு வாரத்தில் எனக்கு அசாத்தியமான தன்னம்பிக்கை வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் அந்த நடுவர் சிரிப்பையும் பழகிக்கொண்டேன். அப்பாவைப் போல் ஒரு ஆடு யாருக்கும் அமையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டி வெள்ளிக்கிழமை. அம்மா மாம்பழ நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டாள். அர்பாபின் மனைவி வந்தாலும் வரலாம் என்பது காரணம். முந்தின நாள் மாலை ரோலா கடையில், விமானத்தில் வந்து இறங்கிய மதுரை மல்லியை அப்பாவை வற்புறுத்தி வாங்க வைத்து, தலை நிறைய வைத்திருந்தாள். மணல் பறக்கிற திடலில், ஆடுகளும் பேரீச்சம்பழக் கடைகளுமாக இருந்த இடத்தில், அம்மா மட்டும் யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ வழி தவறி வந்தவள் மாதிரி நின்றாள்.

அர்பாப் தன் லேண்ட் குரூசரில் வந்தார். பின் இருக்கையில் ஏசி காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நூரா உட்கார்ந்திருந்தது. அந்த வண்டிக்குள் அப்பா அதுவரை ஏறியதில்லை. ஷாமி ஆட்டை நீங்கள் பார்த்திராவிட்டால், உங்கள் மனத்தில் இருக்கும் ஆட்டை அழித்துவிடுங்கள். செம்பழுப்பு நிறம். முழங்கால்வரை தொங்கும் காது. புடைத்து வளைந்த மூக்கு. கீழ்த்தாடை மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு, நீங்கள் சொல்கிற எதையும் நான் நம்பவில்லை என்கிற முகம். பாஸ்போர்ட் ஆபீஸ் கவுன்டரில் நான் அந்த முகத்தைப் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன்.

“மை காட்,” என்றார் மிஸ்டர் வெஸ்லி பக்தியோடு. “இதன் மூக்கைப் பார். பாதிப் பன்றி.” நல்லவேளை, அர்பாபின் காதில் விழவில்லை.

அர்பாப் நூராவின் கயிற்றை என் கையில் கொடுத்து, என் தலையில் கை வைத்து ஏதோ அரபியில் சொன்னார். ஆசீர்வாதம் போலிருந்தது. பிறகு முன் வரிசையில் தன் நண்பர்களோடு போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில், நாற்காலி நுனியில், அப்பா. இரண்டு வரிசை தள்ளிப் பெண்கள் பகுதியில் அம்மா.

திடலைச் சுற்றி இடுப்பளவு கம்பித் தடுப்பு. உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். எல்லோரும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். கந்தூரா என்ற நீண்ட வெள்ளை அங்கி போட்ட பையன்கள், தலையில் துணி கட்டிய சின்னப் பெண்கள். ஒவ்வொருவரும் ஆட்டின் கயிற்றைக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்து, மறு கையால் அதன் தாடையைத் தாங்கி, காதில் ஏதோ பேசிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம், கயிறு வேண்டியிருக்கிறது இவர்களுக்கு.

ஒலிபெருக்கியில் என் பெயரை ஏறக்குறைய என் பெயர் மாதிரியே சொன்னார்கள். நான் நூராவோடு உள்ளே போனேன். நடுவர் வெள்ளைத் தாடி வைத்த ஒல்லியான பெரியவர். கையில் வளைந்த பிடி வைத்த கைத்தடி. சிரிக்காத முகம். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். எல்லோரும் பார்க்கும்படி நூராவின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

குச்சியை எடுத்தேன். முழங்காலை மடித்தேன், முதுகை வளைத்தேன், நடுவர் மேல் கண்ணைப் பதித்தேன், நூராவின் கன்னத்தில் தட்டினேன். சலசலப்பு நின்றுவிட்டது. ஆட்டை முகத்தில் தட்டுகிற ஆளை அந்தத் திடல் அதுவரை கண்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். முன் வரிசையில் அர்பாப் பாதி எழுந்தாராம். அவர் எழுந்ததால் அப்பா முழுசாக எழுந்தாராம்.

நூரா நகரவில்லை. இன்னொரு தட்டு. நகர்ந்தது. என் உள்ளம் பூரித்தது. நடுவர் மெதுவாக வலப்பக்கம் நடந்தார். நான் அவருக்கும் எனக்கும் நடுவில் ஆடு இருக்கும்படி வளைந்து நடந்தேன். ஆட்டைப் பார்க்கவில்லை. குச்சியைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே, சிரித்தபடி போனேன்.

அப்போது நடுவர் என் தோளுக்கு மேலாக வேறெங்கோ பார்த்தார். பாடத்தில் இருந்ததுதான். உடனே நான் அவர் பார்த்த இடத்துக்கு நகர்ந்து சிரித்தேன். அவர் இன்னும் இடப்பக்கம் பார்த்தார். நான் இன்னும் இடப்பக்கம் போனேன். அவர் எட்டிப் பார்த்தார். நான் எட்டி நின்றேன். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று முடிவு செய்து, வேகத்தைக் கூட்டினேன். ஒரு முழுச் சுற்று வந்தேன். அரை வட்டம் திரும்பினேன். காற்றில் வலது கன்னத்தில் ஒரு தட்டு, இடது கன்னத்தில் ஒரு தட்டு. (யாரோ போனில் எடுத்த வீடியோவில் பார்த்தால் தொலைந்துபோன கம்மலை யாரோ சந்தோஷமாகத் தேடுவது மாதிரி இருக்கும்.)

நூரா தடுப்பைத் தாண்டிக் குதித்து எவ்வளவு நேரமாயிற்று என்பது எனக்கு மட்டும்தான் தெரியாது.

குச்சி எதிலோ மெத்தென்று பட்டது. நூரா சோம்பேறித்தனம் செய்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் தட்டினேன். யாரோ வீறிட்டு அழுதார்கள். குனிந்து பார்த்தேன். கறுப்பு ஆடு. குட்டைக் காது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி, இது தன்னுடையது என்று அரபியில் என்னிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக என் சிரிப்பு தானாக நின்றது.

அதே நேரம் பெண்கள் பகுதியில் அம்மா தன் பின்னந்தலையில் ஏதோ உரசுவதை உணர்ந்திருக்கிறாள். பின் வரிசையில் ஒரு குழந்தை இருந்தது. அதன் கைதான் என்று நினைத்து, திரும்பாமலேயே, “பூவைப் பிய்க்கக் கூடாதும்மா” என்று அன்பாகத் தட்டிவிட்டிருக்கிறாள். கையில் பட்டது ஈரமான, புடைத்த, வளைந்த மூக்கு. திரும்பினாள். ஒரு சாண் தூரத்தில், வாயிலிருந்து மதுரை மல்லி தொங்க, நூரா அவளையே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா பாளையங்கோட்டையில் ஒரு பாங்க் மேனேஜரின் மகள். தெருவில் பசு நின்றால் எதிர்ப்பக்கம் போகிறவள். எழுந்து ஓடினாள். திறந்திருந்த ஒரே வழி திடலுக்குள் வருகிற வாசல். உள்ளே வந்துவிட்டாள். பின்னலில் மிச்சமிருந்த பூச்சரம் வால் மாதிரி ஆட, அதைக் குறிவைத்து நூராவும் வந்தது. அவசரமே இல்லாமல், சீரான இடைவெளி விட்டு, அம்மா போன வளைவுகளில் எல்லாம் வளைந்து வந்தது. கயிறும் இல்லாமல், குச்சியும் இல்லாமல் ஒரு ஆட்டை இவ்வளவு அழகாக நடத்தியவர்களை அன்று அந்தத் திடலில் வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

“முருகா, முருகா” என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள் அம்மா. அவள் கூப்பிட்டது திருச்செந்தூரில் இருப்பவரை. அப்பாவோ, கல்யாணமான நாள் முதல் தன்னைப் பெயர் சொல்லாத மனைவி இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று தடுப்பைத் தாண்டினார். ஒரு கால் தாண்டியது. மறு காலின் பேன்ட் கம்பியில் மாட்டிக்கொண்டது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் தொங்கியபடி, “வந்துட்டேன் மல்லிகா, வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வரவில்லை.

வந்தவர் மிஸ்டர் வெஸ்லி. பன்றிப் போட்டியில் இரண்டு பன்றிகள் சண்டை போட்டால் நடுவில் ஒரு பலகையைச் செருகிப் பிரிப்பார்கள் என்று சொல்லியிருந்தார். எங்கேயோ கிடந்த விளம்பரப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தக்காளிக் கன்னமும் ஜொலிக்கும் கண்ணுமாக, முழங்காலை மடித்து உள்ளே பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில், ஊரில் பன்றியை அழைக்கிற குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். “சூ...ஈ.”

அமெரிக்கப் பன்றிகள் அந்தச் சத்தத்துக்கு ஓடி வருமாம். அரபு நாட்டு ஆடுகள் ஓடிப் போயின. பத்துப் பன்னிரண்டும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். கயிற்றை விடாத பிள்ளைகள் பின்னாலேயே மணலில் சறுக்கிக்கொண்டு போனார்கள். அம்மா நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, அவர் கைத்தடியைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் நிறுத்தியது அர்பாப்தான். வாசல் வழியாக மெதுவாக நடந்து வந்தார். நாக்கால் ஒரு சின்னச் சத்தம் செய்தார். நூரா அம்மாவை விட்டுவிட்டு அவரிடம் போய், அவர் கந்தூராவில் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை. அப்போதும் அப்பா கம்பியில்தான் இருந்தார். நூராவைத் தன் சால்வையால் போர்த்தி, லேண்ட் குரூசரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

திடல் அமைதியானது. நடுவர் அம்மாவிடமிருந்து கைத்தடியை மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்குப் போனார். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி சொல்வது வழக்கம். என் முறை வந்தபோது, எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். அந்த மனிதர் முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை.

“இந்தியப் பெண்ணின் தன்னம்பிக்கை மிக நன்று. அடுத்த சுற்றுக்கு ஆட்டையும் கூட்டிக்கொண்டு வரவும்.”

காரில் திரும்பினோம். அப்பாவின் பேன்ட் கிழிசலை அம்மா தன் முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்தாள். ரோலா நெருங்கும்போது அப்பா, “ஊர்ல இப்ப என்ன வேலை கெடைக்கும்னு பாக்கணும்” என்றார். நான் பின் இருக்கையில் இன்னும் குறுகினேன். அதுவரை என் அவமானத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் அப்பாவின் வேலை நினைவுக்கு வந்தது.

“ஆட்டுக்காகவா வேலைய விட்டுத் தூக்குவாக?” என்றாள் அம்மா.

“அது ஆடு இல்ல மல்லிகா. அது நூரா.”

சனிக்கிழமை முழுக்க போன் வரவில்லை. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவ்வப்போது எழுந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை (அப்போது அங்கே வாரம் ஞாயிறில்தான் தொடங்கும்) அம்மா திருநீறு பூசி அனுப்பினாள். ஆபீசுக்குள் நுழைந்ததும் அர்பாப் அறைக்குள் கூப்பிட்டாராம். உள்ளே நாலைந்து விருந்தாளிகள். எல்லோரும் ஒரே போனின் மேல் குனிந்திருந்தார்கள். போனுக்குள் நான் இல்லாத ஆட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். அர்பாப் பேச முடியாமல் கையைக் காட்டி அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாராம். அம்மா ஓடுகிற இடம் வந்ததும் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாராம். அந்த அறையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சிரித்து முடித்ததும் முகம் சீரியசானது.

“முருகேசன், அந்த வெள்ளைப் பூ. அது என்ன? எங்கே கிடைக்கும்? வெள்ளிக்கிழமையிலிருந்து நூரா தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. வாசலையே பார்க்கிறாள்.”

அன்றிலிருந்து வாரா வாரம் வியாழக்கிழமை மாலை, நூரா இருந்தவரைக்கும், அப்பா ரோலா பூக்கடையில் வரிசையில் நின்று நாலு முழம் மல்லிகை வாங்கினார். மூன்று முழம் நூராவுக்கு. ஒரு முழம் அம்மாவுக்கு. அந்த ஒரு முழத்தை அவரிடமிருந்து கையில் வாங்கும்போதெல்லாம், “இதுவும் ஆட்டுக்குப் போக மிச்சமாங்க?” என்று அம்மா கேட்காமல் இருந்ததில்லை. பூக்கடைக்காரர் அப்பாவை மனைவி மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர் என்று மற்றவர்களிடம் சொல்லிவந்தார். அப்பா திருத்தவில்லை.

மிஸ்டர் வெஸ்லி திங்கட்கிழமை என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று போனேன். கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். இந்த ஊருக்கு வந்த பிறகு தனக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் அமைந்ததே இல்லை என்றார். அடுத்த வருடம் கால்நடை கிளப், மீன்தொட்டி கிளப்பாக மாறியது. நான் ரோபோட்டிக்ஸ்.

இது நடந்து வருடங்களாகிவிட்டன. நான் இப்போது துபாயில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நடுவரின் அந்த ஒரு வரி எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. பெட்ரோல் போடாமல் காரைக் கிளப்பினாலும், அரிசி போடாமல் குக்கரை அடுப்பில் வைத்தாலும், மைக்கை அணைத்துவைத்துக்கொண்டு ஆன்லைன் மீட்டிங்கில் நான் முழங்கினாலும், வீட்டில் யாராவது ஒருவர், “ஆடு இருக்கா பாத்துக்கோ” என்பார்கள்.

போன வருடம் திருநெல்வேலியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரசன்னா சென்னைக்காரர், சாப்ட்வேர் வேலை, வேட்டி பழக்கமில்லாதவர். தாலி கட்டியாயிற்று. அக்னியைச் சுற்றி மூன்று முறை வர வேண்டும். எதிரில் போட்டோகிராபர், “மேடம், என்னயவே பாருங்க, வேற எங்கயும் பாக்காதீங்க, அப்படியே சிரிச்சிக்கிட்டே வாங்க” என்றார். நான் அவரையே பார்த்தேன். அப்படியே சிரித்தேன். சிரித்துக்கொண்டே நடந்தேன். ஒரு சுற்று முழுசாக வந்தேன். மண்டபம் முழுக்கச் சிரித்த முகம். எனக்குப் பரம சந்தோஷம்.

பின்னால், புறப்பட்ட இடத்திலேயே, பிரசன்னா என் கையை எப்போதோ விட்டுவிட்டு, அவிழ்ந்துகொண்டிருந்த வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். 

அப்பா மணவறைத் தூணைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

“நம்பிக்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த சுத்துக்கு மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாம்மா.”